அறிவுசார் தெரிவும் அகமுரணின்மையும்: முந்தற் கரையோர வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட ஒரு நோக்கு

ஒருவர் அறிவுக்கு இசையத் தெரிவு செய்கின்றார் என்பதை எதனைக் கொண்டு அறிவது? இவ்வினாவுக்குச் சமூக விஞ்ஞானங்களில் நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் விடை, அவருடைய தெரிவுகள் ஒன்றோடொன்று முரண்படாதிருத்தல் வேண்டும் என்பதாகும். இன்று ஒன்றையும் நாளை அதற்கு மாறானதையும் தெரிபவர் தாம் வேண்டுவது யாதென அறியாதவர். அன்றேல், அறிந்தும் பிறரை ஏய்ப்பவர். இவ்வாறு கருதுவது பொருளியல் நூல்களில் மட்டுமன்றி, அரசாங்க அலுவலகங்களிலும் அயலவர் உரையாடல்களிலும் வழக்கமாகிவிட்டது. இக்கொள்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, இலங்கையின் வடமேற்குக் கரையில் முந்தலைச் சூழ்ந்துள்ள பகுதியின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முந்தல், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, தன் பெயராலேயே வழங்கும் களப்பின் கரையில் அமைந்த ஊராகும். ஒல்லாந்தர் கால்வாய் எனப் பெயர்பெற்ற நீர்வழி இக்களப்பை வடக்கே புத்தளக் களப்போடும் தெற்கே சிலாபத்தோடும் இணைக்கின்றது. உடப்பு, ஆண்டிமுனை முதலிய தமிழ்க் கிராமங்களும், விருதோடை, கணமூலை, கடையாமோட்டை போன்ற முஸ்லிம் கிராமங்களும், சிங்களக் கிராமங்களும் இப்பகுதியில் அருகருகே உள்ளன. சைவம், பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம் ஆகிய நான்கு சமயத்தாரும் வாழும் இக்கரையோரத்தில், இருவேறு காலங்களில் இருவேறு மக்கட் கூட்டத்தினர் ‘முரண்பட்ட தெரிவு செய்தவர்’ என்னும் பழிக்கு ஆளாயினர். ஒல்லாந்தர் காலத்துக் கத்தோலிக்கர் ஒரு சாரார். 1990ஆம் ஆண்டில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து சேர்ந்த முஸ்லிம்கள் மற்றொரு சாரார். இவ்விரு வரலாறுகளையும் நோக்குவதற்கு முன்னர், முரணின்மை என்னும் கருத்து எவ்வாறு எழுந்தது எனச் சுருக்கமாக அறிதல் அவசியமாகும்.

முரணின்மைக் கொள்கையும் அதன் மீதான மறுப்பும்

அமெரிக்கப் பொருளியலறிஞர் போல் சாமுவேல்சன் 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிற்று. நுகர்வோரின் மனத்துள் எழும் இன்பதுன்பங்களை எவராலும் அளக்க இயலாது. ஆனால் அவர் எதனை வாங்குகின்றார் என்பதைக் காணலாம். ஆகவே மனத்தைப் பற்றிய பேச்சை விடுத்து, கண்ணாற் காணத்தக்க தெரிவுகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு நுகர்வோர் கோட்பாட்டைக் கட்டியெழுப்பலாம் என அவர் கருதினார். இதற்கு ஒரேயொரு நிபந்தனை வேண்டியிருந்தது. ‘அ’, ‘ஆ’ என்னும் இரண்டும் கிடைக்கக்கூடிய நிலையில் ஒருவர் ‘அ’வைத் தெரிந்தால், பின்னர் இரண்டும் கிடைக்கக்கூடிய வேறொரு நிலையில் ‘அ’வை விடுத்து ‘ஆ’வைத் தெரிதல் ஆகாது என்பதே அந்நிபந்தனை. ‘வெளிப்படுத்தப்பட்ட விருப்பு’ எனப் பின்னர் பெயர்பெற்ற இக்கோட்பாட்டில், தெரிவுகளைத் தம்முள் ஒப்பிட்டாலே போதும். தெரிந்தவரின் நோக்கத்தையோ சூழலையோ வினவ வேண்டியதில்லை. இத்தகைய ஒழுங்கையே ‘அகமுரணின்மை’ என்பர்.

இதனை அடியோடு ஆராய்ந்து மறுத்தவர் வங்காளத்துச் சாந்திநிகேதனிற் பிறந்தவரும் 1998இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்றவருமான அமர்த்தியா சென் ஆவார். 1984இல் பொருளியலளவைக் கழகத்தின் தலைமையுரையாக அவர் எடுத்துரைத்த கருத்துகள் 1993இல் விரிவான கட்டுரையாக வெளிவந்தன. அவருடைய வாதத்தின் சாரம் எளிதானது. முரண் என்பது கூற்றுகளுக்கு உரிய பண்பு. ‘மழை பெய்கின்றது’, ‘மழை பெய்யவில்லை’ என்னும் இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் இயலாது. ஆனால் ஒருவர் ஒரு பொருளை எடுத்தலும், பின்னர் மற்றொன்றை எடுத்தலும் கூற்றுகளல்ல; அவை செயல்கள். செயல்கள் தாமாக ஒன்றையொன்று மறுப்பதில்லை. அவற்றைக் கூற்றுகளாகப் பெயர்த்துப் படிக்கும்போதே முரண் தோன்றுகின்றது. அவ்வாறு பெயர்ப்பதற்குச் செய்பவரின் நோக்கம், விழுமியம், சூழல் ஆகியன பற்றிய அறிவு தேவை. அவ்வறிவு தெரிவுகளுக்குப் புறத்தேயிருந்து வருவது. எனவே புறத்தே எதனையும் நோக்காத தூய அகமுரணின்மை என ஒன்று இல்லை என்பது அவர் முடிபாகும்.

இதனை இக்கரையோர முஸ்லிம் மக்களின் விருந்து வழக்கம் ஒன்றைக் கொண்டு விளக்கலாம். திருமண வீட்டிற் பலர் ஒரே தாலத்தைச் சூழ்ந்திருந்து உண்ணுதலைச் சகன் என்பர். தாலத்தில் இரண்டு இறைச்சித் துண்டுகள் எஞ்சியிருந்தால் விருந்தினர் ஒன்றை எடுத்து உண்பார். ஒன்று மட்டுமே எஞ்சியிருந்தால் அதனை எடாது கையை மடக்கிக்கொள்வார். முதல் நிலையில் எடுத்தலை எடாமையினும் மேலாகக் கொண்டவர், இரண்டாம் நிலையில் எடாமையை மேலாகக் கொள்கின்றார். சாமுவேல்சனின் நிபந்தனைப்படி இது முரண். ஆனால் அத்தாலத்தைச் சுற்றியிருக்கும் எவரும் அவரை அறிவு குழம்பியவர் எனக் கருதார். கடைசித் துண்டை எடுத்தல், பலவற்றுள் ஒன்றை எடுத்தலினின்றும் வேறான செயல். கைப்படும் பொருள் ஒன்றேயாயினும் செயலின் பொருள் மாறிவிடுகின்றது. எஞ்சியவை எத்தனை என்னும் தெரிவுத் தொகுதியே தெரிவின் பொருளை நிர்ணயிக்கின்றது. சென் தம் கட்டுரையிற் காட்டும் உதாரணங்களும் இவ்வகையினவே.

ஒல்லாந்தர் காலத்து இரட்டைத் திருமுழுக்கு

சகன் தாலத்திற் காணப்படும் இவ்வுண்மை, நாட்டின் வரலாற்றில் மிகப் பெரிய அளவில் நிகழ்ந்ததுண்டு. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி, போர்த்துக்கேயர் பரப்பிய கத்தோலிக்க சமயத்தைத் தடை செய்தது. குருமாருக்குப் புகலிடமளித்தல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஊர்தோறும் நிறுவப்பெற்ற பாடசாலைகளில் சீர்திருத்தத் திருச்சபையின் கோட்பாடுகள் கற்பிக்கப்பட்டன. திருமுழுக்கும் திருமணமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. அத்தோம்பிற் பெயர் இல்லாதவர் தம் பிறப்பு முறையானது என்பதை நாட்டி முதுசத்துக்கு உரிமை கோருதல் கடினமாயிற்று. அரச பதவிகளும் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர்க்கே உரியனவாயின.

இந்நிலையிற் கத்தோலிக்கர் பலர் தம் குழந்தைகளுக்கு ஒல்லாந்தப் பாதிரிமாரிடம் திருமுழுக்குப் பெற்றனர். அவர்கள் முன்னிலையில் திருமணமும் செய்துகொண்டனர். பின்னர் இரவிற் கரந்து வந்த கத்தோலிக்கக் குருவிடம் தம் சமயச் சடங்குகளை நிறைவேற்றிக்கொண்டனர். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்த யோசப் வாஸ் அடிகளாரும், அவர் பின் வந்த ஓரட்டோரியன் சபைக் குருமாரும் இம்மக்களிடையே பணியாற்றியவராவர். யோசப் வாஸ் 1711இல் கண்டியிற் காலமானார். 2015இல் கொழும்பில் வைத்துப் புனிதராக உயர்த்தப்பட்டார்.

முந்தற் கரையோரம் இவ்வரலாற்றில் தனிச்சிறப்புடைய இடத்தைப் பெறுகின்றது. கற்பிட்டியில் ஒல்லாந்தரின் கோட்டை இருந்தது. ஆனால் களப்பின் மறுகரையிலிருந்த புத்தளம் கண்டி மன்னனின் துறைமுகமாக விளங்கிற்று. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னரே கரையோரம் முழுவதும் கொம்பனியின் கைக்கு வந்தது. ஆகவே பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், ஒரு களப்பின் இரு கரைகளில் இரண்டு தெரிவுத் தொகுதிகள் இருந்தன எனலாம். ஒல்லாந்தர் பகுதியில் ‘வெளிப்படையாகக் கத்தோலிக்கராக இருந்து உரிமைகளையும் காத்துக்கொள்ளல்’ என்னும் வழி மூடப்பட்டிருந்தது. கண்டி அரசின் பகுதியில் அது பெருமளவுக்குத் திறந்திருந்தது. யோசப் வாஸ் புத்தளத்தின் வழியாகக் கண்டி இராச்சியத்துட் சென்றமைக்கும், அவர்க்குப் பின் வந்த குருமார் அவ்விராச்சியத்தைத் தளமாகக் கொண்டு ஒல்லாந்தர் பகுதிக்குட் புகுந்து மீண்டமைக்கும் இதுவே காரணமாகும். இரு கரைகளிலும் வெவ்வேறாக நடந்துகொண்ட ஒரு கத்தோலிக்கனின் சமயம் கடக்கும் தோணியில் மாறிவிடவில்லை. அவன் முன் வைக்கப்பட்டிருந்த வழிகளே மாறின.

ஒல்லாந்தப் பாதிரிமார் இம்மக்களைப் பெயரளவிற் கிறிஸ்தவர் எனக் குறை கூறினர். பின்னர் வந்த பிரித்தானியர் காலத்து மிசனரிமாரும் அக்குறையையே கூறினர். 1806இல் தேசாதிபதி மெயிற்லன்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். அடுத்த சில பத்தாண்டுகளுள் சீர்திருத்தத் திருச்சபையின் தோம்புகளில் இருந்த பெருந்தொகையினர் அதனை விட்டகன்றனர். கத்தோலிக்கராக இருந்தவர் கத்தோலிக்கராகவும், சைவராயிருந்தவர் சைவராகவும், பௌத்தராயிருந்தவர் பௌத்தராகவும் வெளிப்பட்டனர். நேற்றுவரை ஒன்றைத் தெரிந்தவர் இன்று மற்றொன்றைத் தெரிவது முரணன்றோ என வினவலாம். சாமுவேல்சனின் நிபந்தனையை நுணுகி நோக்கினும் இதனை முரண் எனல் இயலாது. முன்னர் இல்லாத ஒரு வழி 1806இன் பின்னரே திறக்கப்பட்டது. முன்னைய தெரிவைக் கொண்டு அவர்களது விருப்பை வாசித்தவரே பிழை செய்தவராவர். பாதிரிமார் ஏட்டிற் பதிந்தது நம்பிக்கையை என எண்ணினர். மக்களோ முதுசத்தைப் பதிந்தனர்.

1990இன் பின்னர்

இரண்டாம் வரலாறு அண்மைக் காலத்தது. அதன் துயரம் இன்னும் ஆறாதது. 1990 ஒக்டோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேறுமாறு பணித்தனர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டோர் தொகை ஏறத்தாழ 75,000 என மதிப்பிடப்படுகின்றது. மன்னார்த் தீவினர் பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்தனர். ஏனையோர் தரைவழியாக வந்தனர். பெரும்பாலானோர் புத்தள மாவட்டத்திலேயே தங்கினர். கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகள் அவர்களுக்கு இடமளித்தன. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் முதலிற் புகலிடங்களாயின. பின்னர் கிடுகுக் கொட்டில்கள் நிறைந்த முகாம்கள் எழுந்தன. உள்ளூர் மக்கள் சமைத்துக் கொடுத்து ஆதரித்தனர். ஆயினும் காலம் நீள நீளக் கூலித்தொழில், காணி, குடிநீர், பாடசாலை இடம் ஆகியவற்றிற் போட்டி ஏற்பட்டது. உள்ளூரார் குறையும் பொய்யன்று; வறுமைப்பட்ட ஒரு மாவட்டம் பெருந்தொகையினரைத் தாங்க வேண்டியதாயிற்று.

அடுத்த முப்பது ஆண்டுகளில் இம்மக்கள் செய்த தெரிவுகளை வரிசைப்படுத்தினால் அவை ஒழுங்கற்றவையாகத் தோன்றும். இடம்பெயர்ந்தோர் எனப் பதிந்து உலருணவு நிவாரணத்தைப் பெற்ற பலர், அதே காலத்திற் சிறு காணி வாங்கிக் கல்வீடும் எழுப்பினர். 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் சிலர் ஊர் சென்று பற்றைக்காடு மண்டிய வளவுகளைப் பார்த்து, மீண்டும் புத்தளம் திரும்பினர். 2006இல் போர் மறுபடியும் மூண்டது. 2007இல் உலக வங்கியின் நிதியுதவியுடன் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தின்கீழ்ப் பலர் நிரந்தர வீடுகளைக் கட்டினர். 2009 மே மாதத்திற் போர் முடிந்ததும், அவர்களுட் பலர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மீள்குடியேற்றத்துக்குப் பதிவு செய்தனர். பதிந்தவருள் ஒரு பகுதியினர் பிள்ளைகளின் படிப்பின் பொருட்டுப் புத்தள மாவட்டத்திலேயே தொடர்ந்து வாழ்ந்தனர். 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க வாக்காளர் பதிவு விசேட ஏற்பாடுகள் சட்டம், இடம்பெயர்ந்தோர் தம் பூர்வீக இடத்தின் இடாப்பிற் பதிந்துகொள்ள வழி செய்தது. அவ்வழியைப் பயன்படுத்தியோர் தேர்தல் நாளிற் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் பேருந்துகளிற் சென்று வாக்களித்தனர்.

இங்கு வசிப்பு, அங்கு வாக்கு. இங்கு வீடு, அங்கு காணி. இவற்றை நோக்கியவர் இருபுறமிருந்தும் வினவினர். ஊர் திரும்ப விரும்புவோர்க்கு இங்கு வீடு எதற்கு எனச் சிலர் கேட்டனர். இங்கு வீடு கட்டியோர்க்கு அங்கு காணியும் வாக்கும் எதற்கு என வேறு சிலர் கேட்டனர். இரு கேள்விகளும் ஒரே எடுகோளிலிருந்து பிறந்தவை: ஒருவர் விருப்பு ஒன்றாயின் அவர் செயல்கள் யாவும் அவ்வொன்றையே காட்டுதல் வேண்டும் என்பதே அவ்வெடுகோள்.

இவ்விடத்திற் புறத்தே நோக்குதல் அவசியமாகின்றது. முதலாவதாக, தெரிவுத் தொகுதி யாது? 1990க்கும் 2002க்கும் இடையில் ‘ஊர் திரும்பல்’ என்பது தொகுதியிலேயே இல்லை. அக்காலத்திற் புத்தளத்தில் வீடு கட்டியமை ஊரினும் புத்தளத்தை விரும்பியமைக்குச் சான்றாகாது. கொட்டிலினும் வீட்டை விரும்பியமைக்கே சான்றாகும். 2009இன் பின் திறந்த வழியும் ‘முன்னிருந்த ஊருக்குத் திரும்பல்’ அன்று. வீடுகள் இடிந்திருந்தன, பாடசாலைகள் பல செயலிழந்திருந்தன, இரு பத்தாண்டுகளிற் சில பகுதிகளிற் காடு வளர்ந்திருந்தது. மன்னார் மாவட்டத்தின் தென்பகுதியில், முசலிப் பிரிவைச் சேர்ந்த சில நிலப்பரப்புகள் 2012இல் வர்த்தமானி வாயிலாக ஒதுக்கக் காடுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அங்கு குடியேறியோர் காடழிப்போர் எனப் பின்னர் குற்றஞ்சாட்டப்பட்டனர். எனவே அம்மக்கள் முன் இருந்தது, பாடசாலையும் கிணறும் அயலும் உள்ள ஊர் அன்று. அவற்றை மறுபடியும் உண்டாக்க வேண்டிய வெற்று நிலம். இரண்டையும் ஒரே பெயரால் ‘திரும்பல்’ என அழைப்பது, சகனிற் பலவற்றுள் ஒரு துண்டையும் கடைசித் துண்டையும் ஒன்றெனக் கொள்வதை ஒக்கும்.

இரண்டாவதாக, செயலின் பொருள் யாது? வசித்தல் பிழைப்புப் பற்றியது. வாக்களித்தல் உறுப்புரிமை பற்றியது. ஒரு மாவட்டத்தின் இடாப்பிலிருந்து பெயரை நீக்கிக்கொள்ளுதல், அம்மண்ணில் தமக்கிருந்த இடத்தைத் தாமே கைவிடுவதாகும். வெளியேற்றியவரின் ஆணையைத் தாமே கையொப்பமிட்டு ஏற்பதாகவும் அது அமையலாம். ஆகையால் மன்னாரில் வாக்கைப் பேணியமை, அங்கே வசிப்பதாகக் கூறும் பொய்யன்று. ‘நாங்கள் அவ்விடத்தவர்’ என்னும் உண்மையை நிலைநாட்டிய செயலாகும். 1998இல் ஐக்கிய நாடுகள் அமைப்பில் முன்வைக்கப்பட்ட உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டு நெறிகளும், திரும்பலோ வேறிடத்தில் நிலைத்தலோ அவரவர் விருப்பப்படி நிகழ்தல் வேண்டும் என்றே கூறுகின்றன. அவ்விருப்பம் ஒரே நாளில் ஒரே படிவத்தில் முற்றுப்பெறல் வேண்டும் என அவை விதிக்கவில்லை.

தெரிபவர் யார்?

மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. மேற்கூறிய தெரிவுகளைச் செய்தவர் யார்? பதிவேடுகள் குடும்பத்தை ஓர் ஆளாகக் கொள்கின்றன. ஆனால் குடும்பம் பல மனங்களின் கூட்டமாகும். முந்தற் பகுதியில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதன் முன் மூன்று வழிகள் உள்ளன: ஊர் திரும்பல், இங்கேயே நிலைத்தல், ஈரிடத்தும் வீடு வைத்தல். எருக்கலம்பிட்டியிற் பிறந்து வளர்ந்த தந்தைக்குத் திரும்பலே முதன்மை, அது கூடாவிடின் ஈரிடமும், நிலைத்தல் கடைசி. தாயார் பெற்றோரின் அடக்கத்தலத்தையும் மறக்கமாட்டார், பிள்ளைகளின் பள்ளியையும் விடமாட்டார். அவருக்கு ஈரிடம் முதன்மை, அடுத்தது நிலைத்தல், கடைசியே திரும்பல். இங்கேயே பிறந்த மகளுக்கு நிலைத்தல் முதன்மை. அது இயலாவிடின் எல்லோரும் ஒன்றாகத் திரும்பலாம். குடும்பம் இரண்டாகப் பிரிந்து வாழ்வதே அவள் அஞ்சுவது.

மூவர் விருப்பும் தனித்தனியே முரணற்றவை. பெரும்பான்மை விருப்பை நோக்கின், திரும்பலையும் ஈரிடத்தையும் ஒப்பிடும்போது தந்தையும் மகளும் திரும்பலையே விரும்புவர். ஈரிடத்தையும் நிலைத்தலையும் ஒப்பிடின் தந்தையும் தாயும் ஈரிடத்தை விரும்புவர். நிலைத்தலையும் திரும்பலையும் ஒப்பிடின் தாயும் மகளும் நிலைத்தலை விரும்புவர். எவ்வழியை எடுத்தாலும் அதனை வெல்லும் வேறொரு வழி உண்டு. வரிசை வட்டமாகச் சுழல்கின்றது. பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785இல் வெளியிட்ட நூலில் இப்புதிர் காட்டப்பட்டது. 1951இல் கென்னத் அரோ அதனை விரித்து, நியாயமான சில நிபந்தனைகளை ஒருங்கே நிறைவேற்றும் கூட்டுத் தெரிவு முறை எதுவும் இல்லை என நிறுவினார். இத்தகைய குடும்பம் ஓராண்டு ஒன்றையும் மறு ஆண்டு மற்றொன்றையும் தெரிந்தால், அதனை அறிவின்மை என்றோ ஏமாற்று என்றோ கூறுதல் பொருந்தாது. தந்தை சொல்லே முடிவு என்றால் வட்டம் நின்றுவிடும். ஆனால் தாயின் குரலும் மகளின் குரலும் அங்கே அடங்கிவிடும். சில இடங்களில் முரணின்மை என்பது ஒருவரைப் பேசவிடாமையால் மட்டுமே பெறப்படுவதாகும்.

ஒரு தடை

இவற்றுக்கெதிராக வலுவான தடையொன்று எழுப்பப்படலாம். எந்த முரணையும் ‘அது வேறு செயல்’ எனக் கூறி நீக்கிவிடலாமாயின், முரண்பட்ட தெரிவு என ஒன்றே உலகில் இராது. அறிவுசார் தெரிவு என்னும் சொல்லும் பொருளிழக்கும். மேலும் உண்மையான முரணுக்கு விலையுண்டு. தேயிலையினும் கோப்பியையும், கோப்பியினும் பாலையும், பாலினும் தேயிலையையும் மேலாகக் கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சிறிது காசு கொடுப்பவர், தொடங்கிய இடத்துக்கே வெறுங்கையுடன் வந்து சேர்வார். முரணின்மையைப் போற்றுவோர் இதனை எடுத்துக்காட்டுவதில் நியாயம் உண்டு.

இத்தடைக்கு விடை வரலாற்று முறையிலேயே உள்ளது. செயலின் பொருள் வேறு எனக் கூறுபவர் அதனைத் தம் கற்பனையால் கூறலாகாது. சான்றாற் காட்டுதல் வேண்டும். முதுச உரிமையைத் தோம்போடு பிணைத்த கொம்பனியின் சட்டம் ஒரு சான்று. 1806இன் பின் மக்கள் திருச்சபையை விட்டகன்றமை மற்றொரு சான்று. சட்டம் மாறியதும் நடத்தையும் மாறிற்று. ஆகவே நடத்தையை ஆண்டது சட்டமே எனத் துணியலாம். அவ்வாறே இடாப்புச் சட்டமும், இடிந்த வீடும், மூடிய பாடசாலையும் கண்ணாற் காணத்தக்க சான்றுகள். தெரிவுத் தொகுதி யாது, செயலின் பொருள் யாது, தெரிபவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் சான்றுடன் விடை கண்ட பின்னரும் எஞ்சி நிற்கும் முரண் உளதாயின், அதுவே உண்மை முரணாகும்.

இம்மூன்று வினாக்களையும் ஆள்வோரிடம் தொடுத்தால் கிடைக்கும் விடை சிந்தனைக்குரியது. திருமுழுக்கை முதுசத்துக்கு நிபந்தனையாக்கிய கொம்பனியே, திருமுழுக்குப் பெற்றோரிடம் உள்ளன்பு இல்லை என வருந்திற்று. தன் குடிமக்களுக்குப் பூர்வீக இடத்தில் வாக்குரிமையைச் சட்டத்தால் உறுதிசெய்த பிற்கால அரசே, அவர்களுட் சிலரது நிலத்தை அதற்கு முந்திய ஆண்டிற் காடாகப் பிரகடனம் செய்திருந்தது. பரந்த தெரிவுத் தொகுதியும், தாமே வகுத்த சட்டமும், ஆலோசிக்க அவகாசமும் உடையோரிடத்துக் காணப்படும் இம்முரணுக்குப் புறச்சூழலைக் காரணங்காட்டல் எளிதன்று. முரணின்மை என்னும் அளவுகோல் வலிமையற்றோர் மீது கடுமையாகவும் வலிமையுடையோர் மீது தளர்வாகவும் பிரயோகிக்கப்பட்டு வந்துள்ளமை இதனாற் புலனாகும்.

முடிவுரை

2019 நவம்பர் 16ஆம் நாள் சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கும் பொருட்டுப் புத்தளத்திலிருந்து மன்னார் நோக்கிச் சென்ற முஸ்லிம் வாக்காளரின் பேருந்துத் தொடர் மீது, அனுராதபுர மாவட்டத்துத் தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. உயிர்ச்சேதம் ஏற்படவில்லை, பேருந்துகள் தொடர்ந்து சென்றன, பயணித்தோர் மன்னாரை அடைந்து வாக்களித்தனர். வசிக்கும் ஊரில் இலகுவாகப் பதிந்து வாக்களித்திருக்கக் கூடியவர்கள், பல மணித்தியாலப் பயணத்தையும் ஆபத்தையும் மேற்கொண்டனர். தாம் வேண்டுவது யாதென அறியாதவர் இத்தகைய விலையைக் கொடுக்கமாட்டார்.

அறிவுசார் தெரிவுக்கு ஒழுங்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்வொழுங்கு ஒருவர் செயல்களைப் பட்டியலிட்டு ஒப்பிடுவதாற் புலப்படுவதன்று. அவர் பேண முயன்றது யாது, அதற்கு எவ்வழிகள் திறந்திருந்தன என்பவற்றை அறிந்த பின்னரே அது புலப்படும். களப்பின் இரு கரைகளில் இருவேறாக நடந்த கத்தோலிக்கர் தம் நம்பிக்கையையும் முதுசத்தையும் ஒருங்கே காக்க முயன்றனர். முந்தலில் வாழ்ந்து மன்னாரில் வாக்களித்தோர் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் முன்னோரின் மண்ணையும் ஒருங்கே காக்க முயன்றனர். இரண்டையும் ஒரே செயலாற் காக்க இடமளியாத உலகில் அவர்கள் இரண்டு செயல்களைச் செய்தனர். அவற்றில் முரணைக் கண்டவர் செயல்களை மட்டுமே கண்டனர்; செய்தவரைக் கண்டிலர்.